60 பிசிக்கும் ரிமோட்ல போக வேணாம்: பாக்குலா ஏஜென்ட்டை கமாண்ட் லைன்லயே மேய்க்கிறது எப்படி

தம்பி கேட்டது இதுதான்: ஆபீஸ்ல 60 விண்டோஸ் பிசி, 4 லினக்ஸ் சர்வர், எல்லாத்துலயும் பாக்குலாங்கிற பேக்கப் சாஃப்ட்வேரோட ஏஜென்ட் போட்டிருக்கு, தினமும் காலைல ஒவ்வொரு பிசியா ரிமோட் டெஸ்க்டாப்ல உள்ள போய் சர்வீஸ் ஓடுதா, நேத்து பேக்கப் ஆச்சான்னு பாக்குறேன், அதுலயே ஒரு மணி நேரம் போயிடுது, கமாண்ட் லைன்ல இருந்தே இதை செய்ய முடியுமா, எந்த கமாண்ட்ல ஆரம்பிக்கணும், ஹெல்ப்டெஸ்க் பையனுக்கு பிகான்சோலை (பாக்குலாவோட கமாண்ட் கன்சோல்) குடுக்கலாமான்னு கேட்டிருக்கார்.

முடியும் தம்பி, தாராளமா முடியும். சொல்லப்போனா நீங்க பாக்குற வழியே தலைகீழ். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறதால கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலயே வரும், டெர்மினல்ல அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க.

பாக்குலால ஏஜென்ட்னு நாம சொல்றது ஃபைல் டீமன் (பின்னணில ஓடுற ப்ரோக்ராம்), சுருக்கமா எஃப்டி. அது ஒரு வாயில்லா பூச்சி. தானா எதையும் ஆரம்பிக்காது, 9102 போர்ட்டை தொறந்து வெச்சுக்கிட்டு யாராவது கூப்பிடுவாங்களான்னு உக்காந்திருக்கும். கூப்பிடுறது டைரக்டர், எல்லாத்தையும் நடத்துற சர்வர் ப்ரோக்ராம், அது 9101ல இருக்கு. டேட்டாவை வாங்கி டிஸ்க்லயோ டேப்லயோ எழுதுறது ஸ்டோரேஜ் டீமன், அது 9103. ஷெட்யூல், எந்த ஃபோல்டரை எடுக்கணும், எத்தனை நாள் வெச்சுக்கணும் எல்லாமே டைரக்டர்கிட்டதான் இருக்கு. அதனால ஏஜென்ட் எப்படி இருக்குன்னு தெரியணும்னா அந்த பிசிக்குள்ள போய் பாக்குறதுல அர்த்தமே இல்ல, டைரக்டரை விட்டு கேக்க வைக்கணும், ஏன்னா ராத்திரி கூப்பிடப்போறது டைரக்டர்தான், நீங்க இல்ல. பிசிக்குள்ள சர்வீஸ் ரன்னிங்னு பச்சையா காட்டும், ஆனா நடுவுல விண்டோஸ் ஃபயர்வால் 9102ஐ அடைச்சு வெச்சிருக்கும், நீங்க எல்லாம் சரின்னு டிக் போட்டுட்டு வந்துடுவீங்க.

டைரக்டர்கிட்ட பேசுறதுக்கு இருக்குற டூல் பிகான்சோல். உள்ள போய் ஸ்டேட்டஸ் க்ளையண்ட் ஈக்வல்டு போட்டு ஏஜென்ட் பேரை குடுங்க, ஏஜென்ட் போட்ட பிசியைத்தான் பாக்குலா க்ளையண்ட்னு சொல்லும். டைரக்டர் அந்த எஃப்டியை உடனே கூப்பிட்டு பேசி, ஏஜென்ட் வெர்ஷன் என்ன, எப்போ ஸ்டார்ட் ஆச்சு, இப்போ ஏதாவது ஜாப் (பேக்கப் வேலை) ஓடுதா, கடைசியா முடிஞ்ச ஜாப்கள் எத்தனை ஃபைல் எத்தனை பைட்டுன்னு எல்லாத்தையும் கொட்டும். இந்த ஒரு கமாண்டுக்கு பதில் வந்துடுச்சுன்னா நெட்வொர்க் வழி சரி, பேர் சரி, பாஸ்வேர்ட் சரி, சர்வீஸ் உயிரோட இருக்கு, நாலுமே ஒரே அடியில தெரிஞ்சுடும். ஸ்டார்ட் ஆன நேரத்தையும் கவனிங்க, தினமும் நடுராத்திரி மாறிக்கிட்டே இருந்தா அந்த பிசி ராத்திரில ரீஸ்டார்ட் ஆகுதுன்னு அர்த்தம், பாதி பேக்கப் அதுலதான் அறுந்து போகும்.

இதை 60க்கும் ஓட்டணும்னா புள்ளி க்ளையண்ட்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதாவது முன்னாடி ஒரு புள்ளி வெச்சு க்ளையண்ட்ஸ்னு அடிச்சா வெறும் பேர் பட்டியல் மட்டும் வரும், மெனு கினு எதுவும் இருக்காது, ஸ்க்ரிப்ட்டுக்குன்னே வெச்சது. அந்த பட்டியலை பேஷ்ல ஒரு லூப்ல போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஸ்டேட்டஸ் க்ளையண்ட்டை எக்கோ பண்ணி பைப்ல பிகான்சோலுக்கு தள்ளினா முடிஞ்சுது. ஆனா ரெண்டு இடத்துல கால் வழுக்கும். ஒண்ணு, ஆஃப்ல இருக்குற பிசிக்கு டைரக்டர் ஒரு 15 செகண்ட் போல முட்டிப் பாத்துட்டுதான் கையை விரிக்கும், சில சமயம் அதுக்கும் மேல, 20 பிசி ஆஃப்ல இருந்தா அதுக்கே அஞ்சு நிமிஷம். அதனால முதல்ல நெட்கேட்டை வெச்சு 9102 தொறந்திருக்கான்னு 2 செகண்ட் டைம்அவுட்ல தட்டிப் பாருங்க, தொறந்திருக்குறதுக்கு மட்டும் ஸ்டேட்டஸ் கேளுங்க. ரெண்டு, இதுதான் பெருசு, பிகான்சோல்ல ஒரு கமாண்டை அரைகுறையா குடுத்தா அது மெனு காட்டி எந்த க்ளையண்ட், எந்த ஜாப்னு நம்பர் கேக்கும், பைப்ல வரும்போது உங்க ஸ்க்ரிப்ட்டோட அடுத்த வரியை பதில்னு நெனச்சு முழுங்கிடும். ரன் மாதிரி, பர்ஜ் (பேக்கப் பதிவுகளை அழிக்கிறது) மாதிரி கமாண்டுல இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. ஸ்க்ரிப்ட்ல எழுதும்போது எல்லா ஆர்குமெண்டையும் முழுசா குடுத்து, கேள்வி கேக்குற கமாண்டா இருந்தா கடைசில யெஸ்னு போட்டு முடிங்க. எக்ஸிட் கோடையும் நம்பாதீங்க, அவுட்புட்டை க்ரெப் பண்ணி, அதாவது வேண்டிய வார்த்தையை அதுல தேடிப் பாத்துதான் முடிவு எடுக்கணும்.

சரி, பதில் வரலைன்னா? பாக்குலால மூணு பேச்சு நடக்குது, டைரக்டர் ஸ்டோரேஜ்கிட்ட பேசும், டைரக்டர் எஃப்டிகிட்ட பேசும், அப்புறம் எஃப்டி நேரா ஸ்டோரேஜ்கிட்ட போய் டேட்டாவை குடுக்கும். எது அறுந்துச்சுன்னு கண்டுபிடிச்சாலே வேலை முக்கால்வாசி முடிஞ்சுது. ஸ்டேட்டஸ் க்ளையண்ட்டே வரலைன்னா ரெண்டாவது பேச்சு அறுந்திருக்கு. கனெக்ட்டே ஆகலைன்னு சொன்னா ஃபயர்வால் இல்லன்னா சர்வீஸ். கனெக்ட் ஆகி ஆத்தண்டிகேட் ஆகலைன்னு சொன்னா பேரோ பாஸ்வேர்டோ பொருந்தல. டைரக்டர் கான்ஃபிக்ல க்ளையண்ட் பகுதில இருக்குற பாஸ்வேர்டும், பிசில எஃப்டி கான்ஃபிக்ல டைரக்டர் பகுதில இருக்குற பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும், அதோட எஃப்டி பக்கம் எழுதுற டைரக்டர் பேரும் சரியா இருக்கணும். நிறைய பேர் பாஸ்வேர்டை மட்டும் பத்து தடவை பாத்துட்டு பேரை பாக்க மறந்துடுவாங்க.

ஸ்டேட்டஸ் க்ளையண்ட் அழகா வருது, ஆனா ஜாப் ஓட்டினா மட்டும் ஸ்டோரேஜோட கனெக்ட் ஆகலைன்னு செத்துப்போகுதுன்னா மூணாவது பேச்சு. புதுசா போடுற எல்லாரும் ஒரு தடவையாவது இங்க விழுந்து எந்திரிப்பாங்க, நானும் விழுந்தேன். டைரக்டர் கான்ஃபிக்ல ஸ்டோரேஜ் பகுதில அட்ரஸ்னு ஒரு வரி இருக்கும், டைரக்டரும் ஸ்டோரேஜும் ஒரே மெஷின்தானேன்னு அங்க லோக்கல்ஹோஸ்ட்னு போட்டுடுவோம். டைரக்டர் அந்த அட்ரஸை அப்படியே எஃப்டிக்கு அனுப்பும், எஃப்டி லோக்கல்ஹோஸ்ட்னா நான்தானேன்னு தன் வீட்டு கதவையே தட்டிக்கிட்டு நிக்கும். சர்வர் தன்னைத்தானே பேக்கப் எடுக்கும்போது மட்டும் நல்லா ஓடும், மத்த ஒரு பிசியும் ஓடாது, நாம ஃபயர்வாலை திட்டிக்கிட்டு இருப்போம். எல்லா பிசிக்கும் தெரியுற பேரோ ஐபியோ போடுங்க.

இன்னொரு வகை இருக்கு, ஜாப் ஆரம்பிக்கும், ஒழுங்கா ஓடும், ரெண்டு மணி நேரம் கழிச்சு திடீர்னு அறுந்துடும். டேட்டா எஃப்டில இருந்து ஸ்டோரேஜுக்கு போய்க்கிட்டு இருக்கும்போது டைரக்டருக்கும் எஃப்டிக்கும் நடுவுல இருக்குற கனெக்ஷன்ல பேச்சே இருக்காது, நடுவுல இருக்குற ரூட்டரோ ஃபயர்வாலோ சும்மாதானே கெடக்குன்னு அதை வெட்டிடும். லினக்ஸ்ல கீப்அலைவ் (கனெக்ஷன் உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்குறது) டீஃபால்ட்டே 7200 செகண்ட், அதுக்குள்ள ரூட்டர் முந்திக்கும். ஹார்ட்பீட் இன்டர்வல் 60ன்னு கான்ஃபிக்ல போட்டுட்டா சரியாகிடும். ப்ராஞ்ச் ஆபீஸ் பிசி விபிஎன் வழியா வருதுன்னா இதை முதல் நாளே போட்டுடுங்க.

எதுலயும் பிடிபடலைன்னா செட்டிபக் இருக்கு. செட்டிபக் லெவல் 100, ட்ரேஸ் 1, க்ளையண்ட் பேர்னு குடுத்தா அந்த பிசிலயே ஏஜென்ட்டோட வொர்க்கிங் டைரக்டரில ஒரு ட்ரேஸ் ஃபைல் உருவாகி எல்லாத்தையும் எழுதும், சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதில்ல. வேலை முடிஞ்சதும் லெவல் 0, ட்ரேஸ் 0 குடுத்து அணைக்கணும், மறந்துட்டா அந்த ஃபைல் வளந்து அக்கவுண்ட்ஸ் அம்மா பிசில டிஸ்க் ஃபுல்னு உங்களுக்குதான் போன் வரும்.

இப்போ பிசி பக்கம். இங்க டைரக்டரால ஒண்ணும் பண்ண முடியாது, செத்த சர்வீஸை அதால எழுப்ப முடியாது. விண்டோஸுக்கு பவர்ஷெல்லோட இன்வோக் கமாண்ட்தான் என் சாய்ஸ், 60 பேரையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வெச்சுட்டு ஒரே வரில கெட் சர்வீஸ் ஓட்டினா அதுவே ஒரே நேரத்துல 32 பிசி வரைக்கும் போய் கேட்டுட்டு வந்துடும். இதுக்கு வின்ஆர்எம் (விண்டோஸை தூரத்துல இருந்து மேய்க்கிற சர்வீஸ்) வேணும், போர்ட் 5985, விண்டோஸ் 10, 11 மாதிரி க்ளையண்ட் விண்டோஸ்ல அது டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், டொமைன் இருந்தா க்ரூப் பாலிசில ஒரே தடவைல தொறந்து விட்டுடலாம். வின்ஆர்எம் வேணாம்னா பழைய எஸ்சி கமாண்ட் இருக்கு, ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு பிசி பேர், க்வெரி, சர்வீஸ் பேர். இதுல ஒரு கூத்து இருக்கு, விண்டோஸ்லயே வர்ற பழைய பவர்ஷெல்ல எஸ்சின்னு அடிச்சா அது சர்வீஸ் டூல் இல்ல, செட் கன்டென்ட்டோட செல்லப்பேர். எஸ்சி க்வெரி பாக்குலா எஃப்டின்னு அடிச்சா ஒரு எர்ரரும் வராது, நீங்க நிக்கிற ஃபோல்டர்ல க்வெரின்னு ஒரு ஃபைலை உருவாக்கி அதுக்குள்ள சர்வீஸ் பேரை எழுதிட்டு சத்தமில்லாம இருக்கும். எங்க டீம்ல ஒரு பையன் ஒரு வாரமா சர்வீஸ் எல்லாம் ஓகே சார்னு சொல்லிக்கிட்டு இருந்தான், எர்ரரே வரல, அவன் ஓகேன்னு நெனச்சுட்டான். எஸ்சி புள்ளி இஎக்ஸ்இன்னு முழுசா அடிங்க.

அதே எஸ்சில ஃபெயிலியர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, சர்வீஸ் செத்தா 60000 மில்லிசெகண்ட் கழிச்சு தானா எழுப்புன்னு ஒருதடவை சொல்லி வெச்சுட்டா பாதி காலை வேலை மிச்சம். சமக்குறிக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் கண்டிப்பா விடணும், விடலைன்னா ஏத்துக்காது, ஏன்னு கேக்காதீங்க, அது அப்படித்தான்.

ஏஜென்ட் கான்ஃபிக் மாத்தணும்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, டைரக்டருக்கு ரீலோட்னு கமாண்ட் இருக்கு, பாக்குலா எஃப்டிக்கு அது கிடையாது, சர்வீஸை நிறுத்தி ஏத்தினாதான் புது கான்ஃபிக்கை படிக்கும், அந்த நேரத்துல ஓடிக்கிட்டு இருந்த ஜாப் போச்சு. அதனால ரீஸ்டார்ட் ஸ்க்ரிப்ட்ல முதல்ல ஸ்டேட்டஸ் க்ளையண்ட் கேட்டு, நோ ஜாப்ஸ் ரன்னிங்ங்கிற வரி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கை வைங்க. புது ஃபைலை காப்பி பண்ணதும் மைனஸ் சின்ன டி (டெஸ்ட்டோட முதல் எழுத்து) போட்டு எஃப்டியை டெஸ்ட் பண்ணா கான்ஃபிக்ல தப்பு இருந்தா அங்கயே சொல்லிடும், டைரக்டருக்கும் இதே மைனஸ் டி உண்டு, ரீலோடுக்கு முன்னாடி அதையும் ஓட்டுங்க. லினக்ஸ் நாலுக்கும் அன்சிபிள் (பல சர்வரை ஒண்ணா மேய்க்கிற டூல்) இருந்தா அதுல போடுங்க, நாலுதானே, இல்லன்னா எஸ்எஸ்ஹெச்ல ஒரு லூப் போதும்.

புது பிசில ஏஜென்ட் போட விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு ஸ்லாஷ் எஸ் குடுத்தா கேள்வியே கேக்காம போட்டுக்கும், எஸ் பெரிய எழுத்தா இருக்கணும். அப்டேட் பண்றப்போ வரிசை முக்கியம், முதல்ல டைரக்டரும் ஸ்டோரேஜும் ஒரே வெர்ஷனுக்கு ஏறணும், ஏஜென்ட்டு அப்புறம் மெதுவா ஏறலாம். பழைய ஏஜென்ட் புது டைரக்டரோட பேசும், டைரக்டரை விட புது ஏஜென்ட்டை போட்டா வம்பு.

நீங்க இன்னும் ஆரம்ப நிலைலதான் இருக்கீங்கன்னா பாரியோஸையும் ஒரு கண் பாத்துடுங்க. பாக்குலாவை கெர்ன் சிபால்ட் 2000ல எழுத ஆரம்பிச்சு 2002ல வெளிய விட்டார், பேரே பேக்கப்பையும் ட்ராகுலாவையும் சேத்து வெச்ச கிண்டல்தான், ராத்திரில வந்து உறிஞ்சுமாம். அதுல இருந்து 2010ல பிரிஞ்சது பாரியோஸ், நான் மேல சொன்ன கமாண்டெல்லாம் அங்கயும் கிட்டத்தட்ட அப்படியே ஓடும். கூடுதலா கான்ஃபிகர் ஆட் க்ளையண்ட்னு ஒண்ணு இருக்கு, கன்சோல்லயே பேர், அட்ரஸ், பாஸ்வேர்ட் குடுத்தா டைரக்டர் பக்க கான்ஃபிக்கையும் எழுதி, பிசில வெக்க வேண்டிய ஃபைலையும் எக்ஸ்போர்ட் ஃபோல்டர்ல தயாரா வெச்சுடும், பாஸ்வேர்ட் பொருந்தலங்கிற பஞ்சாயத்தே வராது. 16.2 வெர்ஷன்ல இருந்து ஏஜென்ட்டே டைரக்டரை கூப்பிடுற வசதியும் இருக்கு, வீட்டு வைஃபைல இருக்குற லேப்டாப்புக்கு அது ரொம்ப உபயோகம்.

அடுத்தது நீங்க கேக்காத விஷயம், ஆனா எனக்கு இதுதான் முக்கியம். நேத்து எந்த ஜாப் ஃபெயில் ஆச்சுன்னு பாக்குறதை விட, எந்த பிசிக்கு பத்து நாளா நல்ல பேக்கப்பே இல்லன்னு பாருங்க. ஃபெயில் ஆனது சிவப்பா கத்தும், ஷெட்யூல்ல சேக்கவே மறந்த பிசி கத்தாது. லிஸ்ட் ஜாப்ஸ்ல ஸ்டேட்டஸ் எழுத்து ஒண்ணு வரும், பெரிய டி (டெர்மினேட்டடோட முதல் எழுத்து) நல்லா முடிஞ்சது, சின்ன எஃப் செத்தது, ஏ யாரோ கேன்சல் பண்ணது. பெரிய டி வந்தாலும் எல்லிஸ்ட் ஜாப்ஸ்னு அடிச்சு ஜாப் எர்ரர்ஸ் எண்ணிக்கையைப் பாருங்க, 300 ஃபைலை படிக்க முடியாம விட்டுட்டு ஓகே வித் வார்னிங்ஸ்னு முடிச்சிருக்கும். பத்து நாள் கணக்குக்கு எஸ்க்யூஎல்க்வெரின்னு பிகான்சோல்லயே கேட்டலாகை (பேக்கப் பதிவெல்லாம் இருக்குற டேட்டாபேஸ்) நேரா கேக்கலாம், க்ளையண்ட் டேபிளை வெச்சு, ஸ்டேட்டஸ் டி, டைப் பி (பேக்கப்போட முதல் எழுத்து) இருக்குற ஜாப்ல கடைசி எண்ட் டைம் என்னன்னு ஒவ்வொரு க்ளையண்டுக்கும் எடுங்க, ஜாப்பே இல்லாத க்ளையண்டும் பட்டியல்ல வரணும்னா லெஃப்ட் ஜாயின் போடணும், அதை மறந்தா எந்த பிசிக்காக இதை எழுதினோமோ அதுவே விட்டுப்போயிடும். அந்த பட்டியலையும் பிசி இன்வென்ட்டரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஏன் செத்துச்சுன்னு பாக்க லிஸ்ட் ஜாப்லாக், ஜாப்ஐடி ஈக்வல்டு நம்பர். மெசேஜஸ் செட்டிங்ல கேட்டலாக்னு ஒரு வரி போட்டிருந்தாதான் இது வேலை செய்யும்.

ஃபோல்டர் சேந்திருக்கா இல்லையான்னு ஜாப் ஓட்டாமலே பாக்க எஸ்டிமேட் இருக்கு, ஜாப் பேர் குடுத்து லிஸ்டிங்னு சேத்தா ஏஜென்ட் போய் டிஸ்க்கை நடந்து பாத்துட்டு எந்தெந்த ஃபைலை எடுப்பேன்னு பட்டியல் குடுக்கும், ஒரு பைட்டும் நகராது. புது பிசி சேத்த அன்னிக்கே இதை ஓட்டி டாலி ஃபோல்டர் வருதா, அவுட்லுக் பிஎஸ்டி வருதான்னு க்ரெப் பண்ணிடுவேன்.

இதுல நான் பட்ட ஒரு அடி சொல்றேன். முன்னாடி வேலை பாத்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஒரு பழைய பிசி, மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், ஒரு மணி நேரம் கழிச்சு நெட்ல இருந்து நேரத்தை வாங்கி தானா சரியாகிடும். அந்த ஒரு மணி நேரத்துல சேவ் பண்ண எக்செல் எல்லாம் பழைய தேதில விழும். ராத்திரி இன்கிரிமென்ட்டல் வரும், நேத்து பேக்கப்புக்கு அப்புறம் மாறின ஃபைல் எதுன்னு தேதியை வெச்சுப் பாக்கும், இது பழசுன்னு விட்டுட்டு போயிடும். ஸ்டேட்டஸ் பெரிய டி, எர்ரர் பூஜ்யம். டிஸ்க் போன அன்னிக்குதான் தெரிஞ்சுது. கடிகாரம் தப்பா இருக்கும்போதே ஜாப் ஓடினா டைரக்டர் கடிகாரமும் எஃப்டி கடிகாரமும் இத்தனை செகண்ட் வித்தியாசம்னு லாக்ல ஒரு வரி வரும், ஆனா எனக்கு ராத்திரி ஓடும்போது நேரம் சரியா இருந்ததால அதுவும் வரல. அதுக்கப்புறம் ஜாப்ல அக்யூரேட் யெஸ் போடாம நான் எந்த பிசியையும் சேக்குறதில்ல, அது தேதியை மட்டும் நம்பாம பழைய ஃபைல் பட்டியலோட ஒப்பிட்டுப் பாக்கும், கொஞ்சம் மெமரி தின்னும், தின்னட்டும்.

ராத்திரி பிசியை ஆஃப் பண்ணிட்டு போறவங்களுக்கு, ஜாப்ல ரன் பிஃபோர் ஜாப்னு ஒரு வரில வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியா பிசியை எழுப்புறது) ஸ்க்ரிப்ட்டை வெச்சு ஒரு ரெண்டு நிமிஷம் தூங்க விடுங்க, அது டைரக்டர் பக்கம் ஓடும். க்ளையண்ட் ரன் பிஃபோர் ஜாப்ங்கிறது வேற, அது பிசி பக்கம் ஓடும், ஆஃப்ல இருக்குற பிசியை அதே பிசி எழுப்ப முடியாது இல்லையா. எழும்பாத பிசி ஜாப் ஸ்லாட்டை பிடிச்சுக்கிட்டு க்யூவையே நிறுத்தும், அதனால எஃப்டி கனெக்ட் டைம்அவுட்டை குறைச்சு, ரீஷெட்யூல் ஆன் எர்ரர் போட்டு பகல்ல ஒரு தடவை முயற்சி பண்ண சொல்லுங்க.

மாசம் ஒரு தடவை ஏதாவது அஞ்சு பிசில ரீஸ்டோர் ஓட்டிப் பாருங்க, அதுவும் ஒரே வரிதான், ரீஸ்டோர், க்ளையண்ட் பேர், வேர்னு (எங்க இறக்கணும்ங்கிறது) ஒரு தனி ஃபோல்டர், செலக்ட் கரண்ட் ஆல் டன் யெஸ். விண்டோஸ் ஃபோல்டரா இருந்தாலும் முன்சாய்வு கோடுதான் போடணும். ரீஸ்டோர் க்ளையண்ட்னு இன்னொரு பிசி பேரை குடுத்தா ஒரு பிசியோட டேட்டாவை இன்னொண்ணுல இறக்கும். வேர் குடுக்க மறந்தா கான்ஃபிக்ல என்ன இருக்கோ அதைத்தான் எடுத்துக்கும், அது காலியா இருந்தா பழைய இடத்துலயே போய் எழுதும், பாத்து.

நெட்பேக்கப், டிவோலி (இப்போ பேர் ஐபிஎம் ஸ்டோரேஜ் ப்ரொடெக்ட்) மாதிரி பெரிய பேக்கப் சாமான் இருக்குற இடத்துக்கு நாளைக்கு வேலைக்கு போனாலும் இதே யோசனைதான், கமாண்ட் பேர்தான் மாறும். நெட்பேக்கப்ல மெயின் சர்வர்ல இருந்து பிபிடெஸ்ட்பிபிசிடி ஓட்டினா க்ளையண்ட் பேசுதான்னு தெரியும், பேர் குழப்பத்துக்கு பிபிசிஎல்என்டிசிஎம்டி, போர்ட் 1556. டிவோலில டிஎஸ்எம்சி, சர்வர் போர்ட் 1500.

கடைசியா, ஹெல்ப்டெஸ்க் பையனுக்கு பிகான்சோல் குடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. இப்போ இருக்குறதை அப்படியே குடுக்காதீங்க, அது வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி, அதை வெச்சு எந்த பிசில இருக்குற ஃபைலையும் வேற எங்க வேணும்னாலும் இறக்கலாம், பர்ஜ் போட்டு கேட்டலாகையே காலி பண்ணலாம். டைரக்டர் கான்ஃபிக்ல தனியா ஒரு கன்சோல் பகுதி, தனி பாஸ்வேர்ட், கமாண்ட் ஏசிஎல்ல (அனுமதிப் பட்டியல்) ஸ்டேட்டஸ், லிஸ்ட், மெசேஜஸ் மூணு மட்டும், க்ளையண்ட் ஏசிஎல், ஜாப் ஏசிஎல், கேட்டலாக் ஏசிஎல்ல அவன் பாக்க வேண்டியது மட்டும். ஏசிஎல்ல எழுதாத எதையும் அவனால பாக்க முடியாது, அதனால முதல் நாள் அவன் சார் ஒண்ணுமே வரலைன்னு வந்து நிப்பான், பெரும்பாலும் கேட்டலாக் ஏசிஎல் வரி விட்டுப்போயிருக்கும்.